பள்ளிக்கு ஒரு புதுக் கருவி: வாங்குமுன் சோதிப்பது எப்படி?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாஞ்சில் நாட்டில் இது நடக்காத கதை அன்று. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் தாம் படித்த பள்ளிக்கு ஏதேனும் செய்ய விரும்புவது இங்கே வழக்கம்தான். பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. ஒருவர் ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்கிறார். இன்னொருவர் பத்து டேப்லெட் போதும் என்கிறார். நாகர்கோவிலிலிருந்து வந்த விற்பனையாளர் திரையைத் தொடுகிறார். மனித இதயம் துடித்துக்கொண்டே சுழல்கிறது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பெரியவர்கள் கை தட்டுகிறார்கள். வாங்குவது என்று முடிவாகிவிடுகிறது.

அந்த முடிவு சரியானதா என்பதை முன்கூட்டி அறிய வழி உண்டா? உண்டு. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கணக்கும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு கிராமப் பள்ளியே செய்துகொள்ளலாம்.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டதாக நினைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பாடவேளையை ஒரு கருவிக்கு ஒதுக்கினால், நாற்பது வாரப் பள்ளி ஆண்டில் எண்பது பாடவேளை போகிறது. நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கு புரியாமல் போன பிள்ளைக்கு அந்த எண்பது பாடவேளை திரும்பக் கிடைக்காது. குமரி மாவட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் சிக்கல் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் எஞ்சி நிற்கும் கேள்வி. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசும் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளையும் நடுநிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களையும் அமைத்து வருவதால், இந்தக் கேள்வி ஏறத்தாழ எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய கருவி

கல்விக் கருவி என்றதும் நமக்குத் திரையும் மின்சாரமும் நினைவுக்கு வருகின்றன. உலகெங்கும் பரவிய ஒரு கல்விக் கருவி தமிழ்நாட்டு மண்ணிலிருந்து, அல்ல, மணலிலிருந்து புறப்பட்ட வரலாறு பலருக்குத் தெரியாது.

1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளரானார். ஒரு நாள் காலை குதிரையில் சென்றபோது, ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரையும் மலபார்கள் என்றே குறிப்பிட்டனர். பெல் தம் இல்லத்திலும் இதைச் செய்யச் சொன்னார். கீழ்வகுப்பு ஆசிரியரோ இது நடவாது என்று மறுத்துவிட்டார். உடனே பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கடைசி வகுப்புக்கு அவனையே ஆசிரியனாக்கினார். மணலில் எழுதப் பழகிய பிள்ளைகள் விரைவில் எழுத்துகளைக் கற்றுக்கொண்டனர். 1797-ல் பெல் இதைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச் சென்ற பணத்தில் 1833-ல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நம் பகுதியின் குடிப்பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் ஆசான் முன் அமர்ந்து மணலில்தான் முதலில் எழுதினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகே வந்தன. இதைப் பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. மணலை ஒரு கருவியாக வைத்து ஆராய்ந்து பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். எழுதியது தவறானால் அடுத்த நொடியே கண்ணுக்குத் தெரிகிறது. கையால் ஒரு தடவு தடவினால் அழிந்துவிடுகிறது, திரும்ப எழுதலாம். செலவு கிடையாது, பழுதும் கிடையாது. கற்பவர் தாமே செய்ய வேண்டும், செய்தது சரியா என உடனே தெரிய வேண்டும், மறுபடி செய்ய வாய்ப்பு வேண்டும் என்று இக்காலக் கல்வி உளவியல் வற்புறுத்தும் மூன்றும் மணலில் இருந்தன.

குறையும் இருந்தது. பெல்லின் முறையில் பொருள் புரியாமல் ஒப்பிக்கும் பழக்கம் மிகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. எழுத்துப் பழக்கத்துக்கு நல்ல கருவி எல்லாவற்றுக்கும் நல்ல கருவி ஆகிவிடாது.

இதே மூன்று பண்புகள் வேறொரு கருவியிலும் வெற்றி கண்டன. அகில இந்திய வானொலியின் உள்ளூர் நிலையங்களுள் நாட்டிலேயே முதலாவது, 1984 அக்டோபர் 30-ல் நம் நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது என்பதை அறிவீர்கள். வானொலி என்றால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். 1970-களில் நிகராகுவா நாட்டில் கணிதம் கற்பிக்க வானொலியைப் பயன்படுத்தியவர்கள் அப்படி விடவில்லை. வானொலி கேள்வி கேட்கும், சில நொடி காத்திருக்கும்; பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்லவோ தாளில் எழுதவோ வேண்டும்; பிறகு வானொலி விடையைச் சொல்லும். அதைக் கேட்ட வகுப்புகள் கணிதத்தில் நன்றாகவே முன்னேறின. புதிய பாடப்புத்தகம் பெற்ற வகுப்புகளும் முன்னேறின. ஆனால் வானொலி வகுப்புகளை எட்டவில்லை.

ஆகவே விற்பனையாளர் கருவியைக் காட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். ஒரு சிறு கணக்குப் போடலாம். வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஸ்மார்ட் போர்டில் ஒரு நேரத்தில் ஒருவர் எழுதலாம். ஆளுக்கு ஒரு நிமிடம். பத்து டேப்லெட் இருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம், அதுவும் சண்டை இல்லாமல் பகிர்ந்துகொண்டால். நோட்டும் பென்சிலும் என்றால் நாற்பது நிமிடமும் கை வேலை செய்கிறது. ஸ்மார்ட் போர்டைக் கேலி செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். இதய வால்வு திறந்து மூடுவதையும் சந்திரனின் பிறைகள் வளர்ந்து தேய்வதையும் கரும்பலகையில் காட்ட முடியாது. ஆனால் பெருக்கல் வாய்பாட்டைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

வதோதராவில் நடந்த பரிசோதனை

கருவியால் பயன் உண்டா என்பதை நம் நாட்டிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2000-ல் குஜராத் அரசு நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு நான்கு கணிப்பொறி வீதம் வழங்கியது. இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, வதோதரா நகரில் மிகச் சில கணிப்பொறிகளையே பிள்ளைகள் தொட்டிருந்தார்கள். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் அவற்றில் கணித விளையாட்டுகளை ஏற்றி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கணிப்பொறிக்கு இருவராக அமர்த்தி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பழகவைத்தது. எந்தப் பள்ளிகளில் செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் இந்த ஆய்வில் பங்கு கொண்டவர்கள். முடிவுகள் 2007-ல் வெளியாயின.

இரண்டாம் ஆண்டில் கணித மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தது. திட்ட விலக்கம் என்பது என்ன? ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு. சராசரி 50, திட்ட விலக்கம் 15 என்றால், மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் ஏறத்தாழ 35-க்கும் 65-க்கும் இடையில் இருப்பார்கள். 0.47 என்பது அந்தப் பதினைந்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏழு மதிப்பெண். நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஐம்பதாவதாக நின்ற பிள்ளை அறுபத்தெட்டாவது இடத்துக்கு ஏறிவிடுகிறது. இது பெரிய உயர்வுதான். ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்து, சுமார் 0.10 மட்டுமே எஞ்சியிருந்தது.

இன்னும் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே நகரில் அதே ஆய்வாளர்கள் மற்றொன்றையும் சோதித்தார்கள். 'பாலசகி' என்ற பெயரில் உள்ளூர் இளம்பெண் ஒருவர், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினம் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். உயர்வு 0.28, கணிப்பொறியைவிடக் குறைவு. ஆனால் செலவு? கணிப்பொறிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர்; பாலசகிக்குச் சுமார் இரண்டேகால் டாலர். ஒவ்வொரு டாலருக்கும் கிடைத்த பயனைப் பார்த்தால் அந்தப் பெண் பல மடங்கு முன்னே நிற்கிறார்.

தமிழகத்திலும் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021-ல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் தெருத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மாலை வகுப்பு நடத்தினார்கள். கிராமப்புறத் தமிழகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று, இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு 2022 மே மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டது. ஆகவே நம் மேலாண்மைக் குழுவின் முன் இருக்கும் கேள்வி, 'கருவி வேண்டுமா வேண்டாமா' என்பதாக இருக்கக் கூடாது. அதே இரண்டு லட்சத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தல் வேண்டும். உள்ளூரில் பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் ஒருவரை மாதம் ஐயாயிரம் கொடுத்து மாலை வகுப்புக்கு அமர்த்தினால், அந்தத் தொகை மூன்று ஆண்டுக்கு மேல் வரும்.

குஜராத்திலேயே நடந்த மற்றோர் ஆய்வு நம்மை எச்சரிக்கிறது. லீ லிண்டன் என்னும் ஆய்வாளர் 2008-ல் வெளியிட்டது அது. ஞான்சாலா என்னும் அமைப்பின் பள்ளிகளில் முதலாண்டு வழக்கமான பாடவேளையை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணிப்பொறிப் பயிற்சி கொடுத்தார்கள். மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் இறங்கியது. அடுத்த ஆண்டு அதே வகைப் பயிற்சியைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தார்கள். மதிப்பெண் 0.28 உயர்ந்தது. கருவி மாறவில்லை; அது எதன் இடத்தைப் பிடித்தது என்பதே மாறியது. நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியரின் நேரத்தைக் கருவி தின்றுவிட்டால் நட்டம். யாரும் இல்லாமல் வீணாகும் நேரத்தில் அது நுழைந்தால் ஆதாயம். விற்பனையாளர் எவரும் சொல்லாத செய்தி இது. அவருக்கு உங்கள் பள்ளியின் கால அட்டவணை தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பெருநாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் கொடுத்துச் சோதித்தார்கள். 319 கிராமப் பள்ளிகளில் எடுத்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கணிதத்திலோ மொழியிலோ உயர்வு தென்படவில்லை. டெல்லியில் வேறு விதமாக நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பின் நிலையில் இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, அந்த நிலையிலிருந்து கணக்கு கொடுக்கும் செயலி ஒன்றைப் பள்ளி விட்டபின் பயன்படுத்தினார்கள். நாலரை மாதத்தில் கணிதம் 0.37, இந்தி 0.23 உயர்ந்தன. ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், ஆறாம் வகுப்புப் பாடத்தை வண்ணப் படமாக்கிக் காட்டும் செயலியால் அவர்களுக்கு ஏன் பயனிராது என்பது விளங்கும்.

பகடை சொல்லும் உண்மை

'எங்கள் செயலியைப் பயன்படுத்திய பிள்ளைகள் ஒரே பருவத்தில் இருமடங்கு மதிப்பெண் பெற்றார்கள்' என்று துண்டறிக்கை சொல்லும். நம்பலாமா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். முப்பது பேர் ஆளுக்கொரு பகடையை உருட்டட்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தவர்களை மட்டும் தனியே நிறுத்துங்கள், அவர்கள் 'பின்தங்கியவர்கள்'. அவர்களுடைய சராசரி ஏறத்தாழ 1.5. இப்போது அவர்கள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி உருட்டச் சொல்லுங்கள். சராசரி 3.5-ஐ ஒட்டி வரும். இருமடங்குக்கு மேல் முன்னேற்றம்! டேப்லெட் பகடையை ஒன்றும் செய்யவில்லை. முதல் முறை தற்செயலாகத் தாழ்ந்தவர்கள் அடுத்த முறை சராசரிக்குத் திரும்பினார்கள், அவ்வளவே.

தேர்வு மதிப்பெண் முழுவதும் பகடை அன்று. ஆனால் அதில் பகடையின் பங்கும் உண்டு. காய்ச்சல், தூக்கமின்மை, படித்த கேள்வியே வந்துவிட்ட அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நாளைய மதிப்பெண். இத்துடன் பிள்ளைகள் எப்படியும் நாளடைவில் வளர்கிறார்கள். புதுப் பொருள் வந்த உற்சாகத்தில் சில வாரம் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள். ஆகவே 'முன்பு, பின்பு' என்ற ஒப்பீடு எதையும் நிறுவாது. 'கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள்' என்று ஒரே காலத்தில் ஒப்பிட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதையும் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். 2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையில், பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 விழுக்காடுதான் இத்தகைய குலுக்கல் சோதனை செய்திருந்தன என்ற செய்தி காணப்படுகிறது. மற்றவர்கள் செய்யாததை நாம்தான் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்வது? ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். பின்னங்கள் என்ற ஒரே பாடப்பகுதியை எடுத்துக்கொண்டு, முதலில் இருவருக்கும் ஒரு சோதனை வையுங்கள். பெற்றோர் முன்னிலையில் காசைச் சுண்டி, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் டேப்லெட் கொடுங்கள். மற்றப் பிரிவைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அதே நேரத்தில் அதே அளவு கணக்குகளைத் தாளில் செய்யட்டும். இல்லையென்றால் கூடுதல் பயிற்சியின் பலனைக் கருவியின் பலன் என்று எண்ணிவிடுவோம். அடுத்த பருவத்தில் இரு பிரிவுகளும் இடம் மாறினால் எந்தப் பிள்ளைக்கும் அநீதி இல்லை. கேள்வித்தாளை வேறு பள்ளி ஆசிரியர் தயாரிக்க வேண்டும். கருவியோடு வரும் தேர்வை ஏற்கவே கூடாது. விடைத்தாளில் பெயரையும் பிரிவையும் மறைத்துத் திருத்த வேண்டும்.

முடிவைப் படிக்கும்போது அவசரம் ஆகாது. பிரிவுக்கு 30 பேர், திட்ட விலக்கம் 15 என்றால், கருவி எதுவும் செய்யாதபோதும் இரு பிரிவுகளின் சராசரிகளுக்கிடையே ஏழெட்டு மதிப்பெண் வரை வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும். ஆகவே மூன்று மதிப்பெண் கூடியதற்காக வெற்றி விழா எடுக்க வேண்டியதில்லை. முன்சோதனையிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்தால் இந்தத் தடுமாற்றம் சற்றுக் குறையும். பல பள்ளிகள் சேர்ந்தால் இன்னும் நல்லது. நம் மாவட்டத்தின் பல தொடக்கப் பள்ளிகளில் மொத்தப் பிள்ளைகளே ஒரு வகுப்புக்குக் காணாது. தோவாளை ஒன்றியத்திலோ கிள்ளியூர் ஒன்றியத்திலோ பத்துப் பன்னிரண்டு பள்ளிகள் குறுவள மையத்தில் கூடி, பாதிப் பள்ளிகளில் முதலில் செய்து பார்க்கலாம். சராசரியோடு நின்றுவிடாமல் கடைசி வரிசைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தனியே எடுத்துப் பாருங்கள். முன்பே நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் கருவியால் மேலும் உயர்ந்திருக்கவும் கூடும்.

மூன்று சுழியா, இரண்டு சுழியா?

எங்கோ வென்ற கருவி குமரி மாவட்டத்தின் காற்றிலும் மழையிலும் பேச்சிலும் வெல்லுமா என்பது தனிக் கேள்வி. இதற்கும் சில எளிய சோதனைகள் உண்டு.

கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். நல்ல பார்வையுள்ளவர் 6 மீட்டர் தொலைவிலிருந்து சிரமப்பட்டுப் படிக்கக்கூடிய ஆங்கில எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். கண் மருத்துவமனையில் தொங்கும் அட்டை இந்தக் கணக்கில்தான் அச்சடிக்கப்படுகிறது. தமிழ் எழுத்துக்குச் சுழிகள் அதிகம். ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு சுழி. ககர மெய்க்கும் ககரத்துக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு. சிரமமின்றிப் படிக்க இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். மூலைக்கு மூலை 55 அங்குலம் உள்ள தொலைக்காட்சிப் பெட்டியின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். கொம்பு, சுழி, புள்ளிகளுக்கு இடம் விட்டால் பதின்மூன்று வரிக்குமேல் கொள்ளாது. பாடப்புத்தகப் பக்கத்தை அப்படியே திரையில் போட்டால் கடைசி பெஞ்சுக்கு வெறும் கறுப்புக் கோடுகள்தாம் தெரியும். சன்னலைத் திறந்துவைத்து, பகல் பன்னிரண்டு மணிக்குச் சோதியுங்கள். மாலையில் காட்டப்படும் கருவி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்தது உப்பு. மாவட்டத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற ஊர்களில் சன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் மின்சுற்றுப் பலகையில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று செம்பு இழைகளின்மேல் உருவாகிறது. செம்பு அரிக்கப்படுகிறது, மின்கசிவும் ஏற்படுகிறது. விசிறி வைத்து வெளிக்காற்றை இழுக்கும் கருவிகளுக்கு இது கூடுதல் ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்த கருவி, தினமும் ஓடும் கருவியைவிட விரைவில் கெடலாம். ஓடும் கருவியின் உட்புறம் சூடாக இருப்பதால் ஈரம் தங்காது.

மலையோரத்தில் சிக்கல் வேறு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிமக்கள் வாழும் பகுதிகளில் இணைய இணைப்பை நம்பி எதையும் வாங்க முடியாது. பாடங்கள் கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஐப்பசி இடிமழையில் மின்கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு இணையக் கம்பியை மறந்துவிட்டால் அதன் வழியாகவும் மின்னல் அடி வரும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வாரத்தில் பாடம் எப்படி நடக்கும் என்ற கேள்விக்கும் விடை வைத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

பிறகு மொழி. குமரி மாவட்டத்தில் மலையாள வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரு வழியும் நடக்கும் பள்ளிகளும் உள்ளன. தமிழ் வழியிலேயே கூட, குரலைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலி மரவள்ளிக் கிழங்கின் படத்தைக் காட்டினால் நம் பிள்ளை 'மரச்சீனி' என்றுதான் சொல்லும். பலாப்பழத்தைக் காட்டினால் 'சக்கை' என்னும். தவறு என்று சிவப்பு விளக்கு எரிந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது தன் வீட்டுப் பேச்சு தவறு என்பதைத்தான். ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

விலையைப் பற்றி ஒரு சொல். கணக்குக்காக, கருவி இரண்டு லட்சம், ஆயுள் ஐந்து ஆண்டு, மின்சாரம், பழுது, பாடச் சந்தா எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இருபதாயிரம் என்று வைத்தால், ஆண்டுச் செலவு அறுபதாயிரம். அறுபது பிள்ளைகள் பயன்படுத்தினால் தலைக்கு ஆயிரம். நன்கொடையாளர் முதல் இரண்டு லட்சத்தைத் தருவார். அந்த இருபதாயிரத்தை யார் தருவார் என்று அன்றைக்கே குறித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்ப்பவர் மார்த்தாண்டத்தில் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா? நிறுவனம் மூடப்பட்டால் உள்ளே இருக்கும் பாடங்கள் ஓடுமா? நாடெங்கும் விளம்பரம் செய்த ஒரு கல்விச் செயலி நிறுவனமே 2024-ல் நொடிப்பு வழக்குக்குள் போனது.

பிள்ளையின் பெயர், முகம், குரல், மதிப்பெண் ஆகியவற்றைச் செயலி எங்கே அனுப்புகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. எழுதித் தர மறுக்கும் நிறுவனத்தோடு அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

பத்து வாரச் சோதனை முடிந்து மதிப்பெண் கைக்கு வந்ததும் பட்டியலை மூடிவிடாதீர்கள். வதோதராவில் ஓராண்டுக்குள் எவ்வளவு கரைந்தது என்பதைப் பார்த்தோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், அதே அளவு கடினமான வேறு கேள்விகளை இரு பிரிவுக்கும் மீண்டும் கொடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதற்கான கூட்டத்தை அந்த விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை விற்பனையாளரின் டேப்லெட்டுகள் கடனாகவே இருக்கட்டும். தம் பொருளில் நம்பிக்கை உள்ளவர் ஒரு பருவத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்கமாட்டார்.